அழுகண்ணிக்கு ஊற்றிய தண்ணீர்

சரோஜாவுக்கு,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை மத்தியானத் தபாலில் வந்தது. அப்பாதான் உறையைக் கிழித்துச் சத்தமாகப் படித்தார். பட்டணத்துப் பள்ளிக்கூடத்தில் உன்னிடம் மூன்றாம் வகுப்பைக் கொடுத்திருக்கிறார்கள் என்ற இடம் வந்ததும் நிறுத்தி, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் ஒரு தடவை படித்தார். எட்டடிக்குப் பத்தடி மாடியறை, மேற்கே ஒரே ஒரு ஜன்னல், அதற்கு வெளியே ஒரு முழ அகலத்துக்கு மரச்சட்டம் என்று நீ எழுதியிருந்ததைக் கேட்டபோது எனக்கும் சிரிப்பு வந்தது. அந்தச் சட்டத்தின்மேல் உன் கண் போகும் என்று எனக்குத் தெரியாதா? ஆனால் அதற்கு அடுத்த வரியை அவர் படித்தபோது நான் முறத்தைக் கீழே வைத்துவிட்டேன். 'ஏதாவது செடி வைக்க ஆசையாக இருக்கிறது அம்மா. ஆனால் வீட்டுக்கார அம்மாள் எனக்குக் கீழேதான் குடியிருக்கிறார். என் கைராசி உனக்குத் தெரியுமே. ஒரு குடத்தைக் கவிழ்த்து ஒரு கிடங்குத் தோலைப் பாழாக்கினவள் நான். தண்ணீரே கேட்காத செடி ஏதாவது இருந்தால் சொல்' என்று எழுதியிருந்தாய். அப்பா வாய்விட்டுச் சிரித்தார். "இன்னும் அத மறக்கல பாரு உம் பொண்ணு" என்றார். என்னால் சிரிக்க முடியவில்லை.

சரோஜா, நீ எந்தக் குடத்தையும் கவிழ்க்கவில்லை. அன்று மட்டுமல்ல, எனக்குத் தெரிந்து என்றைக்குமே கவிழ்க்கவில்லை. தோலைப் பாழாக்கிய தண்ணீர் நான் ஊற்றியது. ஐந்து வயதுக் குழந்தையான உன்மேல் பழியைப் போட்டதும் நான்தான். இதை நேரில் சொல்ல எனக்குப் பதினேழு வருடம் இருந்தது. சொல்லவில்லை. இப்போது காகிதத்தில் சொல்கிறேன். நடந்ததை ஒளிக்காமல் எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

நீ பிறந்தது ஆம்பூரில், தோல் பதனிடுகிற ஷாப்புக்குப் பின்னால் இருந்த வரிசை வீடுகளில் ஒன்றில். அந்த வீடு உனக்கு ஞாபகம் இருக்காது. கிணற்றுத் தண்ணீர் உப்பும் சுண்ணாம்புமாக இருக்கும். அதை ஊற்றினால் துளசிகூட ஒரு மாதத்தில் ஓரமெல்லாம் கருகிப்போகும். நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை படித்தவள். அங்கே துரைசாணி அம்மாள் கண்ணாடி ஜாடிகளில் விதவிதமான செடி வளர்ப்பார். அவரிடம் பிடித்த பைத்தியம் எனக்கு. ஆம்பூரில் நாலு வருடம் ஒரு பச்சை இலையைக்கூட வாழவைக்க முடியவில்லை. அப்பாவுக்கு வேலூரில் வேலை மாறி, லாங் பஜாரில் தோல் வியாபாரி சாயபுவின் கிடங்குக்கு மேலே இந்த இரண்டு அறைகளும், தெருவைப் பார்த்த சின்னப் பால்கனியும் கிடைத்தபோது, எனக்கு மாளிகை கிடைத்த மாதிரி இருந்தது. காலை வெயில் நேராகப் பால்கனியில் வந்து விழும். அதற்கு மேலே எனக்கு வேறென்ன வேண்டும்?

ஆனால் சாவியைக் கொடுக்கும்போதே சாயபு ஒன்று சொல்லிவிட்டார். "தோ பாரும்மா, இது பலகைத் தளம். கீழ பதனிட்ட தோலு அடுக்கி வெச்சிருக்கேன், எல்லாம் பட்டணத்துக்குப் போற சரக்கு. ஒரு சொட்டுத் தண்ணி பட்டாலும் கறுத்துப் பூடும். சமைங்க, குளிங்க, அதுக்கு அந்தக் கல்லு பாவின எடம் இருக்கு. பால்கனில செடி கிடின்னு மட்டும் வேணாம்." நான் தலையாட்டினேன். தலையாட்டினபோது மனதாரத்தான் ஆட்டினேன்.

அப்பாவுக்கு அப்போது ஷாப்பில், தோல் பதனிட வாங்கும் கடுக்காயை எடை போடுகிற வேலை. ஜவ்வாது மலையிலிருந்து மலையாட்கள் கடுக்காயை மூட்டை கட்டி வண்டியில் கொண்டுவருவார்கள். ஒரு நாள் அவர்களில் ஒருவர், ஈரப்பாசியோடு தேக்கிலையில் மடித்த ஒரு சின்னப் பொருளை அப்பாவிடம் கொடுத்திருக்கிறார். அதில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஏழெட்டுச் செடிகள். ஒவ்வோர் இலையிலும் சிவப்பு மயிர், ஒவ்வொரு மயிரின் நுனியிலும் ஒரு சொட்டுத் தண்ணீர். வெயிலில் பிடித்தால் கண் நிறைய நீரோடு நம்மைப் பார்ப்பதுபோல் இருக்கும். அழுகண்ணி என்று பெயராம். "எறும்பு வந்து குந்திச்சின்னா எலை அப்படியே சுருட்டிக்குதாம். உனக்குப் புடிக்குமேன்னு எடுத்தாந்தேன்" என்றார் அப்பா. கல்யாணமாகி ஆறு வருடத்தில் அவர் எனக்கென்று கேட்காமல் கொண்டுவந்த முதல் பொருள் அது. அதை எப்படித் தூக்கிப் போடுவேன்?

அழுகண்ணி மற்றச் செடிகளைப் போல இல்லை. எருவும் நல்ல மண்ணும் அதற்கு ஆகாது. வெறும் மணலும் பாசியும் போதும். ஆனால் கால் எப்போதும் தண்ணீரில் நிற்க வேண்டும். ஒரு பொழுது காய்ந்தாலும் அந்தச் சொட்டுகள் மறைந்துவிடும். நான் ஒரு மண்தட்டில் தண்ணீர் நிரப்பி, அதற்குள் சட்டியை வைத்து, பால்கனிக் கதவுக்கு உள்பக்கமாக, தெருவில் போகிறவர்கள் கண்ணில் படாத மூலையில் ஒளித்து வைத்தேன். தினமும் மூன்று வேளை தண்ணீர் ஊற்றினேன். சாயங்காலம் வைத்த தண்ணீர் காலையில் பாதிதான் இருக்கும். செடி எவ்வளவு குடிக்கிறது பார் என்று அப்பாவிடம் பெருமையாகச் சொல்வேன். தட்டின் அடியில் மயிரிழை போல் ஒரு விரிசல் இருந்தது எனக்குத் தெரியாது. தெரியாது என்பதுகூட முழு உண்மையில்லை. ஒரு நாள் தட்டைத் தூக்கியபோது அடிப்பலகை நனைந்து கறுத்திருந்தது. கை தவறிச் சிந்தியிருப்பேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, பழைய சாக்கு ஒன்றை மடித்துப் போட்டுவிட்டேன்.

தை மாதம் ஒரு காலைநேரம். அப்பா வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். கீழே ஆட்கள் மூட்டை தூக்கும் சத்தம் நின்று, ஒரே கூச்சலாகக் கேட்டது. கொஞ்ச நேரத்தில் சாயபு மாடிப்படி ஏறிவந்து வாசலில் நின்றார். கையில் ஓர் ஆட்டுத்தோல். நடுவில் தட்டளவு பெரிய கறுப்பு வட்டம், அதைச் சுற்றிப் பூஞ்சணம்.

"மேல மூணு கட்டு பூராவும் இப்படித்தான் கெடக்குது. மேலேருந்துதான் ஒழுகியிருக்கு. இன்னா சமாச்சாரம்மா?" என்றார்.

அந்த நேரத்தில் நீ தண்ணீர்க் குடத்துக்குப் பக்கத்தில் நின்றிருந்தாய். தாகத்துக்குக் குடித்திருப்பாய் போல, பாவாடை முன்பக்கம் நனைந்திருந்தது. என் கண் அந்த ஈரப் பாவாடையில் போய் விழுந்தது. செடி விஷயம் தெரிந்தால் சாயபு வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிடுவார், மறுபடியும் ஆம்பூர் வரிசை வீடுதான் என்று ஒரு பயம். யோசித்துச் சொன்னேன் என்று நினைக்காதே. வாய் தானாகச் சொல்லிவிட்டது. "கொழந்த கொடத்தக் கவுத்துட்டா பாய். ரெண்டு மூணு தடவ இப்படிப் பண்ணிட்டா. பயத்துல எங்கிட்டயும் சொல்லல" என்றேன்.

நீ என் முகத்தைப் பார்த்தாய். இல்லை என்று சொல்லவில்லை, அழவும் இல்லை. நான் உன்னைப் பார்க்காமல் சாயபுவின் கையிலிருந்த தோலையே பார்த்துக்கொண்டிருந்தேன். சாயபு உன்னைப் பார்த்தார். பெருமூச்சு விட்டார். "கொழந்தய இன்னா சொல்றது. விடும்மா. கொடத்த கல்லு மேல வையி" என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கிப் போனார். அவர் படியிறங்கி முடிக்கும்வரை அப்பா காத்திருந்தார். பிறகு உன்னை இழுத்து முதுகில் இரண்டு அடி வைத்தார். "அடிக்காதீங்க" என்று நான் தடுத்தேன். தடுத்தேனே தவிர, ஏன் அடிக்கக் கூடாது என்று சொல்லவில்லை.

அன்று மத்தியானமே தகரக்காரரிடம் போய், மண்ணெண்ணெய் டின்னைப் பிரித்து நாலு பக்கமும் விளிம்பு மடித்த ஒரு தட்டு செய்து வாங்கிவந்தேன். பதினேழு வருடமாகச் சட்டிகளுக்கு அடியில் இருப்பது அதுதான். அதற்குப் பிறகு ஒரு சொட்டுக்கூடக் கீழே இறங்கவில்லை. இறங்காததைப் பார்த்து எல்லோரும், 'ரெண்டு அடி விழுந்ததும் பொண்ணுக்குப் பொறுப்பு வந்துடுச்சி' என்றார்கள். இதில் எனக்கு இன்றைக்கும் தாங்க முடியாதது வேறொன்று. ஒரு வாரம் கழித்துப் பக்கத்து மாடிக்காரியிடம் நீயே சொல்லிக்கொண்டிருந்தாய்: "நான் கொடத்தக் கவுத்துட்டேன். தோலெல்லாம் கறுத்துப்போச்சி." கையை எப்படி வைத்தாய், குடம் எப்படி உருண்டது என்று நடித்தும் காட்டினாய். நான் சொன்ன பொய்யை நீ உன் ஞாபகமாகவே ஆக்கிக்கொண்டுவிட்டாய். கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அப்போதே வெளியே வந்து உன்னை மடியில் போட்டுக்கொண்டு, 'இல்லடி கண்ணு, அது அம்மா பண்ணது' என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

மறு வருடம் ஏதோ பேச மேலே வந்த சாயபு அழுகண்ணியைப் பார்த்துவிட்டார். என் உயிர் என்னிடம் இல்லை. அவரோ குனிந்து உட்கார்ந்து, ஓர் ஈ அதில் ஒட்டிக்கொண்டு தவிப்பதைக் கால்மணி நேரம் பார்த்தார். "அரே, நம்ம கெடங்குல ஈ ஜாஸ்தி. இத ஒரு நாலு தொட்டி வளத்துக் கொடும்மா" என்று சிரித்தார். அடியில் தகரத்தட்டு இருப்பதைப் பார்த்து, "இப்படி வெச்சா எனக்கு இன்னா கஷ்டம்? வெச்சிக்கோ" என்றார். அவ்வளவுதான். நான் எதற்குப் பயந்து பொய் சொன்னேனோ அது நடக்கவே இல்லை. முதல் நாளே கேட்டிருந்தால் கொஞ்சம் முணுமுணுத்துவிட்டு ஒப்புக்கொண்டிருப்பார்.

அதற்குப் பிறகு வந்த செடிகளெல்லாம் உனக்குத் தெரிந்தவை. கடுக்காய் மூட்டையோடு ஒரு கிளையில் தொத்திக்கொண்டு வந்த ஆர்கிட்டை முதலில் மண்ணில் நட்டு அழுகவிட்டேன். இரண்டாவதைத் தேங்காய் மட்டையில் கட்டிச் சோறு வடிக்கிற ஆவி படும்படி தொங்கவிட்டேன். மூன்றாவது வருடம் அது பூத்தபோது, கீழே கைவண்டிக்காரர்கள்கூட வண்டியை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்தார்கள். மிஷன் பங்களாவில் கேட்டு வாங்கிய ஒரே ஒரு வெள்ளிப்புள்ளி இலையிலிருந்து பதினொரு கன்று எடுத்தேன். 'செடிக்காரம்மா வீடு' என்று லாங் பஜாரில் எனக்கு ஒரு பெயர் வந்தது. உனக்கும் ஒரு பெயர் வந்தது. சாயபு உன்னை ஆசையாகக் 'குடம்' என்று கூப்பிட ஆரம்பித்தார். "இன்னா குடம், பள்ளிக்கூடம் போறியா?" என்பார். நீயும் சிரிப்பாய்.

நீ சிரித்ததைத்தான் எல்லோரும் பார்த்தார்கள். நான் மற்றதையும் பார்த்தேன். பன்னிரண்டு வயதில் நீ தெருக்குழாயிலிருந்து அரைக்குடம் அரைக்குடமாகக் கொண்டுவந்து, மற்றப் பெண்களைவிட இரண்டு மடங்கு நடந்தாய். உன் சித்தப்பா கல்யாணத்தில் சோறு, குழம்பு, அப்பளம் எல்லாம் பரிமாறினாய். தண்ணீர்ச் செம்பை மட்டும் தொட மாட்டேன் என்றாய். என் செடிகளுக்குப் பக்கத்தில் மணிக்கணக்காக உட்கார்ந்து, எந்த இலை எப்போது விரிந்தது என்று எனக்கே சொல்லுவாய். 'கொஞ்சம் தண்ணி ஊத்துடி' என்றால் எழுந்து போய்விடுவாய். உனக்குச் செடியில் இஷ்டம் கம்மி என்று அப்பா நினைத்தார். எனக்குக் காரணம் தெரியும். தெரிந்தும், வளர்ந்தால் சரியாகிவிடும் என்று இருந்துவிட்டேன். பிள்ளைகள் மறந்துவிடுவார்கள் என்று பெரியவர்கள் நினைப்பது எங்கள் சௌகரியத்துக்காகத்தான் சரோஜா.

உன் கடிதம் வந்த மறுநாள் காலையில் நான் கீழே போனேன். சாயபுவுக்கு இப்போது கண்பார்வை மங்கல். மகன்கள்தான் வியாபாரத்தைப் பார்க்கிறார்கள். கிடங்கு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். என் குரலைக் கேட்டதும், "இன்னாம்மா, நம்ம குடம் கிட்டேருந்து காயிதம் வந்துச்சா?" என்று கேட்டார். நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். விரிசல் விட்ட மண்தட்டு, சாக்கு, உன் ஈரப்பாவாடை எதையும் விடவில்லை. அவர் திட்டுவார் என்று தயாராக இருந்தேன், அல்லது பழைய கதை விடு என்பார் என்று. இரண்டும் இல்லை.

"மூணு கட்டுத் தோலு போச்சி, அது போவட்டும்மா. அத நான் அப்பவே வுட்டுட்டேன்" என்றார். பிறகு, "பதினேழு வருஷம் அந்தப் பொண்ண நான் குடம் குடம்னு கூப்ட்டனே. கடத்தெருவுல, நாலு பேரு எதுருல. இதான் எங்க தோலக் கெடுத்த பொண்ணுன்னு வந்தவன் போனவன் கிட்டல்லாம் சொல்லிச் சிரிச்சேன். ஏம்மா என்ன அப்படிச் செய்ய வுட்ட?"

என் பதிலுக்குக் காத்திராமல் அவரே மறுபடியும் கேட்டார்:

"அவகிட்ட சொன்னியா?"

"இன்னும் இல்ல பாய்."

"அப்ப எங்கிட்ட எதுக்கு மொதல்ல வந்த? போ. போயி அவளுக்கு எழுது. சாயபு மாப்பு கேட்டான்னும் எழுது. பேர் சொல்லித்தான் இனிமே கூப்புடுவான்னு எழுது."

எழுதிவிட்டேன். அவர் சொன்னது சரிதான். உன்னிடம்தான் முதலில் வந்திருக்க வேண்டும். உன்னிடம் சொல்லத் தைரியம் போதாமல், அவரிடம் சொல்லிப் பழகிக்கொண்டேன் என்று வைத்துக்கொள்.

அப்பாவிடம் அன்று சாயங்காலம் சொன்னேன். அவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு பாலாற்றுப் பக்கம் நடந்துபோனார். விளக்கு வைத்து வெகுநேரம் கழித்துத்தான் திரும்பினார். சாப்பிட உட்கார்ந்து, தட்டில் கை வைக்காமல், "பொய் சொன்னது நீ. சரி. கேக்காம அடிச்சது நானுதான? அந்தக் கொழந்தய ஒரு வார்த்த கேட்டனா?" என்றார். பிறகு, "நானே நேர்ல போறேன். இத எழுதி அனுப்பக் கூடாது" என்றார். சனிக்கிழமை காலை காட்பாடியில் ரயிலேறி மத்தியானம் உன் அறைக்கு வந்துவிடுவார். உனக்குத் தெரியும், அவருக்குப் பேச வராது. வந்து பஞ்சாயத்துச் செய்பவர்போலத் தொண்டையைக் கனைத்துக்கொண்டு நிற்பார். அப்போது எதுவும் தெரியாமல் நீ திகைக்கக் கூடாது என்றுதான் அவருக்கு முன்னால் இந்தக் கடிதத்தை அனுப்புகிறேன்.

அவரிடம் மூன்று சட்டிகள் கொடுத்தனுப்புகிறேன். தண்ணீர் கேட்காத செடி கேட்டாய், அதை நான் அனுப்பவில்லை. முதலாவது அழுகண்ணி. தகரக்காரரின் மகனிடம் சொல்லி உன் ஜன்னல் சட்டத்துக்கு அளவான ஒரு தட்டு செய்யச் சொல்லியிருக்கிறேன். அதில் எப்போதும் இரண்டு விரல் தண்ணீர் நிற்கட்டும். குழாய்த் தண்ணீர் ஆகாது, மழைத்தண்ணீர்தான். மழைக்காலத்தில் ஒரு பானை பிடித்து மூடி வைத்துக்கொள். இங்கே இருப்பது அப்பா கொண்டுவந்த அதே செடி இல்லை. அது பூத்துக் காய்ந்து, தூசிபோல் விதை கொட்டி, வருடா வருடம் புதிதாக முளைக்கிறது. காய்ந்துபோனால் உன் கை பட்டதால் செத்தது என்று நினைக்காதே, மணலை ஈரமாக வைத்துக் காத்திரு. இரண்டாவது வெள்ளிப்புள்ளி இலைச்செடி. மேற்கு வெயில் அதற்கு ஆகாது, அறைக்குள் சுவரோரம் வை. மூன்றாவது ஆர்கிட். மட்டையோடு ஆணியில் மாட்டு. காலையில் ஒருமுறை நன்றாக நனை. சொட்டுகிறதே என்று பயந்து அரைகுறையாக நனைத்தால் அது பூக்காது.

இவற்றையெல்லாம் வைப்பதற்கு முன்னால் வீட்டுக்கார அம்மாளிடம் போய்ச் சொல். ஒளித்து வைக்காதே. தட்டைக் காட்டு, அழுகண்ணி எறும்பு பிடிப்பதைக் காட்டு. அவர் வேண்டாம் என்று சொன்னாலும் சொல்லலாம். அப்போது சட்டிகளைப் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப் போய் உன் வகுப்பு ஜன்னலில் வை. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதைவிட வேறு வேடிக்கை வேண்டுமா? அவர்களில் யாராவது தண்ணீரைக் கொட்டினால், கொட்டியது யார் என்று கேட்கும் முன்னால் துணியை எடுத்துத் துடை. கேட்பதாக இருந்தால், அந்தப் பிள்ளையையே கேள். இந்த இரண்டையும் நான் செய்யாததால் கற்றுக்கொண்டேன்.

மன்னித்துவிடு என்று எழுதப்போனால், நீ உடனே 'பரவாயில்லை அம்மா' என்று எழுதிவிடுவாய். ஐந்து வயதிலும் நீ அப்படித்தானே, என் முகத்தைப் பார்த்துவிட்டு எனக்காகப் பேசாமல் இருந்தாய். இந்த முறை எனக்காக எதுவும் செய்யாதே. அப்பா வந்து போகட்டும். இரண்டு நாள், பத்து நாள், எவ்வளவு ஆனாலும் ஆகட்டும். உனக்கு வருகிற கோபம் முழுவதையும் எழுது, ஒன்றும் பாக்கி வைக்காதே. கார்டில் எழுதாதே. கார்டில் இடம் போதாது. கவரிலேயே எழுது.

உன் அம்மா